பன்னிரண்டு கப்பும் ஒரு சுளகும்

பதிகிற பொத்தான் இறங்கமாட்டேன் என்று நின்றது.

கனகலிங்கம் ஒரு விரலால் அமத்திப் பார்த்தான். இரண்டு விரலால் அமத்திப் பார்த்தான். கடைசியில் கதிரையை விட்டு எழும்பி உள்ளங்கையால் ஒரு குத்தே குத்தினான். அது அசையவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நாகேஸ்வரி மாமி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, பேச்சுப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இன்னும் துவங்கேல்லையோ? யோசிச்சு வந்ததெல்லாம் மறந்துபோகப் போகுது."

"ஒரு நிமிசம் பொறுங்கோ மாமி."

புதுக்குடியிருப்புச் சந்தைக்கு எதிரே இருந்தது அவனுடைய கடை. லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுவான், பாட்டுப் பதிந்து கொடுப்பான். ஆனால் அந்த 1980ஆம் ஆண்டில் அவனுடைய பிழைப்பு ஓடியதெல்லாம் கடிதத்தில்தான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு அப்போது கடிதம் கசெற்றில் வரும். தாய்மார் கடைக்கு வந்து, கேட்டு, ஒரு பாட்டம் அழுது முடித்து, அதே கசெற்றில் பிள்ளையின் குரலுக்கு மேலேயே தங்கள் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கசெற் நாலு தரம் கடல் தாண்டும். பதிலுக்குப் புதுக் கசெற் வாங்குகிறவனை ஊதாரி என்றே ஊர் சொன்னது.

மாமியின் மூத்த மகன் யோகநாதன் லண்டனில் இருந்தான். சனிக்கிழமை அவனிடமிருந்து கசெற் வந்தது. தபால் கந்தோரில் அதை எடுத்த தகப்பன் அப்புத்துரை, யாழ்ப்பாண பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் கடைக்குள் எட்டிப்பார்த்து, "கனகலிங்கம், இது பத்திரம்! வந்து சொல்லுறன்!" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பத்திரமாக வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கனகலிங்கத்துக்கு அந்த வீட்டுப் பெண் அருந்ததியின் மேல் இரண்டு வருசமாக ஒரு எண்ணம். தூரத்துச் சொந்தம், முறையும் சரி. வருங்கால மாமியிடம் வலியப்போய் நல்ல பெயர் எடுக்கலாம் என்று அவனாகவே விசுவமடுவுக்கு ஆள் விட்டு, "கசெற் வந்திருக்கு, வாங்கோ" என்று சொல்லியனுப்பினான். ஓடுகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டான்.

முதலில் வழக்கம்போலக் கசெற்றைப் போட்டுக் கேட்டார்கள். டிங் டிங் என்று ஏதோ வாத்தியம் கேட்டது.

"உதென்ன சத்தம்?"

"பாட்டு மாமி. பாட்டு முடியக் கதைப்பான்."

பாட்டு முடியவில்லை. ஓடவிட்டுப் பார்த்தான். டிங் டிங். மற்றப் பக்கம் திருப்பினான். அங்கேயும் டிங் டிங். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"பாவம் பிள்ளை. றேடியோப் பாட்டைப் பதிஞ்சுபோட்டுக் கதைக்க மறந்துபோனான். என்ன களைப்போ. பரவாயில்லை, நான் கதைக்கிறன். பதி."

அப்போதுதான் பொத்தான் மக்கர் பண்ணியது. கனகலிங்கம் கசெற்றைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டை. அடடா, இவ்வளவுதானா! கடையில் விற்கிற பாட்டுக் கசெற்றுகளில், யாரும் அழித்துவிடக்கூடாது என்று கம்பெனிக்காரன் அந்த இடத்தை உடைத்துத்தான் அனுப்புவான். கம்பெனிக்காரன் எதற்காக உடைத்தான் என்று ஒரு நிமிசம் யோசித்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவன் சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி இரண்டு ஓட்டையையும் அடைத்தான். பொத்தான் 'டக்' என்று இறங்கியது. மாமியின் கண்ணில் அவன் பெரிய எஞ்சினியராகத் தெரிந்தான்.

மாமி ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். மாடு கன்று போட்டது, புது வீட்டுக்கு ஓடு போட்டது, சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகவேண்டியது எல்லாம் அதில் இருந்தது. மற்றப் பக்கத்தில் ஒரு தேவாரம் பாடினார். மிச்சத்துக்கு அழுதார்.

செவ்வாய்க்கிழமை அப்புத்துரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினார். கடைக்குள் ஏறி, கதிரையில் இருந்து, மடியிலிருந்து, கசெற்றோடு வந்த கடிதத்தை எடுத்து விரித்தார்.

"கசெற் பத்திரமோ?"

"ஓம் மாமா. பத்திரமாய் இருக்கு."

"அது என்ன கசெற் எண்டு தெரியுமோ? என்ர மகன் ஸ்ரூடியோவிலை வாசிச்சுப் பதிஞ்சது! ஜாஸாம். மூண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறதாம். ரெண்டு வெள்ளையளும் இவனும். இவன்தான் பியானோ. பாட்டுப் பாடுறேல்லை, வாத்தியம் மட்டும்தான் எண்டு எழுதியிருக்கிறான்."

கனகலிங்கம் கசெற் இருந்த பெட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"உனக்குத் தெரியும்தானே, அவன் படிப்பை விட்ட அண்டையிலையிருந்து ரெண்டு வருசம் நான் அவனுக்கு ஒரு வரி எழுதேல்லை. 'படிக்கேல்லையெண்டால் அங்கை என்னதான் செய்யிறாய்?' எண்டு போன மாசம்தான் மனம் கேளாமல் கேட்டெழுதினன். பார், பதில் எப்பிடி வந்திருக்கு எண்டு!" அப்புத்துரை கடிதத்தைத் தட்டிக் காட்டினார். "வெள்ளிக்கிழமை புது வீடு குடிபூருறம். விசுவமடு முழுக்கக் கேக்க லவுட்ஸ்பீக்கரிலை போடவேணும். நான்கூட இன்னும் கேக்கேல்லை. எல்லாரோடையும் சேர்ந்துதான் கேப்பன்."

"மாமா, அது வந்து..."

"இன்னொண்டு. ஏன் உன்னட்டைத் தந்தனான்? ஒரு பொருளைப் பத்திரமாய் வைச்சிருக்கத் தெரிஞ்சவனிட்டைத்தான் பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்கலாம். வெள்ளிக்கிழமை சபையிலையே சொல்லப்போறன். ஆவணியிலை உனக்கும் அருந்ததிக்கும் கலியாண எழுத்து."

இரண்டு வருசமாகக் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் கனகலிங்கம் அழுதுவிட்டான். அப்புத்துரை அதைச் சந்தோசக் கண்ணீர் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அவர் போனதும் றேடியோவைத் திருகினான். இங்கிலீசுச் சேவையில் எங்கேயாவது பியானோ வந்தால் பதிந்துவிடலாம் என்று பார்த்தான். ஒரு மணித்தியாலம் கழித்து ஒன்று வந்தது. பதிந்தான். நடுவில் ஒரு பெண்பிள்ளை கத்திப் பாடத் தொடங்கினாள். அவள் முடிய, தேயிலை ஏலத்தின் விலை வாசித்தார்கள். றேடியோவை மூடிவிட்டு விசுவமடு பஸ் ஏறினான்.

புது வீட்டு வளவில் அருந்ததி வாசலுக்கு மணல் பரவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிறவள். அவன் சொல்லச் சொல்ல மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். பக்கத்தில் நின்ற மாமி தலையில் கையை வைத்தார்.

"ஐயோ கடவுளே! என்ர பிள்ளையின்ர வாசிப்புக்கு மேலையோ நான் மாட்டுக் கதை கதைச்சனான்? அந்த மனுசன் அறிஞ்சால் என்னையும் வீட்டுக்குள்ளை விடாது."

"ஓட்டையை ஏன் அடைச்சனீங்கள்?" என்று அருந்ததி கேட்டாள்.

"கொம்மா பதியச் சொன்னவா."

"அம்மா கிணத்துக்குள்ளை குதிக்கச் சொன்னால் குதிப்பியளோ?"

"இப்ப சொன்னால் குதிப்பன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வேலி அடைத்துக்கொண்டிருந்த மாயாண்டி கத்தியை வைத்துவிட்டு வந்தார். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியிருக்கிறவர்.

"பியானோங்களா? தொரைமாரு கிளப்புல பதினாறு வருசம் நான்தாங்க பியானோ தொடைச்சேன். நீங்க சொல்ற மாதிரி மூணு பேரு சனிக்கெழம சனிக்கெழம வருவாங்க. ஒருத்தரு பெட்டிய தட்டுவாரு. ஒருத்தரு ஆளு ஒசரத்துக்கு ஒரு வயலின நிக்க வச்சு வெரலால சுண்டுவாரு. இன்னொருத்தரு மத்தளத்த தொடப்பத்தால கூட்டுவாரு."

"விளக்குமாத்தாலையோ?"

"ஆமாங்க, கம்பியில செஞ்ச தொடப்பம். குப்ப ஒண்ணும் இருக்காது. ஆனா ராத்திரி பூரா கூட்டிக்கிட்டே இருப்பாரு."

"என்ன பாட்டு வாசிப்பினம்?"

"பாட்டுன்னு ஒண்ணும் கெடையாதுங்க. மூணு பேரும் ஒண்ணா கெளம்புவாங்க. கொஞ்ச தூரம் போனதும் ஒருத்தரு வழி தப்பி எங்கயாச்சும் போயிருவாரு. மத்த ரெண்டு பேரும் அவர தேடிக்கிட்டு போவாங்க. கடைசியில மூணு பேரும் ஒண்ணா வீடு வந்து சேருவாங்க. தொரைமாரு கை தட்டுவாங்க."

அருந்ததி யோசித்தாள்.

"வழி தப்பிப் போறது எங்களாலை கட்டாயம் ஏலும்" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று பேரும் புது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெறும் வீடு, நல்ல எதிரொலி. சுவரோரம் நெல்லு மூட்டை அடுக்கி ஸ்ரூடியோ ஆக்கினார்கள். பியானோவுக்கு மாமி குடிபூரலுக்கென்று வாங்கிய பன்னிரண்டு பீங்கான் கப். அருந்ததி ஒவ்வொன்றிலும் கரண்டியால் தண்ணீர் விட்டு, தட்டி, குறைத்து, கூட்டி, சுருதி சேர்த்தாள். ஆளுயர வயலினுக்கு ஒரு வெறும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய், ஒரு மண்வெட்டிப் பிடி, முல்லைத்தீவிலிருந்து வந்த மீன் தூண்டில் நைலோன். அதை இழுத்துக் கட்டிச் சுண்டினால் 'தும்' என்றது. அது கனகலிங்கத்தின் பொறுப்பு. மாயாண்டி நெல்லுப் புடைக்கிற ஒரு சுளகைக் கவிழ்த்து மடியில் வைத்து, ஈர்க்கு விளக்குமாற்றால் 'சர் சர்' என்று தடவினார்.

"ஒரு கப் உடைஞ்சாலும் நான் எல்லாத்தையும் அவரிட்டைச் சொல்லிப்போடுவன்" என்று வெளியே காவலுக்கு நின்ற மாமி யன்னலால் சொன்னார்.

பதிவதற்கும் அதே கசெற்தான். அட்டையும் யோகநாதனின் எழுத்தும் அதில்தானே இருக்கிறது. முதல் தரம் சேவல் கூவியது. இரண்டாம் தரம் தூண்டில் அறுந்து கனகலிங்கத்தின் மூக்கில் அடித்தது. மூன்றாம் தரம் எப்படியோ ஓடத் தொடங்கியது. அருந்ததி ஏதோ ஒரு இராகத்தில் புறப்பட்டு, நடுவில் வேறெங்கோ திரும்பினாள். கனகலிங்கம் தும் தும் என்று பின்னால் போனான். மாயாண்டி கண்ணை மூடிக்கொண்டு கூட்டினார். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த மத்தியானம் போதும் என்று ஒரு கணம் கனகலிங்கத்துக்குத் தோன்றியது. அடுத்த கணமே, இல்லை, கல்யாணமும் வேண்டும் என்று தோன்றியது.

அப்போது வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது.

"உள்ளுக்கை போகாதேங்கோ!" மாமியின் குரல் பதறியது. "பால் காய்ச்சமுதல் வீட்டுக்காரர் கால் வைக்கக்கூடாது!"

"உள்ளுக்கை ஆர்?" அது அப்புத்துரை.

"கனகலிங்கம். லவுட்ஸ்பீக்கர் செற் சரிபாக்கிறான்."

"அப்ப... உதுதானோ? யோகநாதன்ரையோ?"

மாமி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஓ...ம்" என்று இழுத்தார்.

உள்ளே மூன்று பேரும் விறைத்துப்போய் நிறுத்தினார்கள். உடனே வெளியிலிருந்து அதட்டல் வந்தது. "டேய் கனகலிங்கம்! ஏன் நிப்பாட்டினனி? ஓடட்டும், விடு!"

வேறு வழி? கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, முதலிலிருந்து ஓடவிட்டார்கள். அப்புத்துரை மணல் குவியலில் குந்திக்கொண்டார். யன்னல் நீக்கலால் கனகலிங்கம் பார்த்தான். மனுசன் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம் நான் கடிதம் போடாமல் விட்டன், நாகேசு. அவன் அங்கை தன்னந்தனிய இருந்து இப்பிடி ஒரு வேலை செய்திருக்கிறான். நான் என்ன தேப்பன்?"

கனகலிங்கத்தின் விரல் தூண்டிலை விட்டு நழுவியது.

"போய்ச் சொல்லிப்போடட்டோ?" என்று கிசுகிசுத்தான்.

"இப்ப சொன்னால் அப்பா தாங்குவாரோ? இழுங்கோ!" என்றாள் அருந்ததி, கப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னால் தகப்பனுக்கு மகன் போய்விடுவான், சொல்லாவிட்டால் இது பொய். அவன் இழுத்தான். அப்புத்துரை எழும்பிப் போகும்வரை, இருபது நிமிசம், நிறுத்தாமல் மூன்று பேரும் வழி தப்பித் திரிந்தார்கள். அதற்குள் பதிகிற மிஷினின் பற்றரி இறங்கிக்கொண்டே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை தந்தி வந்தது. 'வெள்ளி காலை வருகிறேன். யோகநாதன்.'

அப்புத்துரை தந்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தார். கனகலிங்கம் மன்னாரில் இருக்கிற சித்தி வீட்டுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்தான்.

"போறதெண்டால் போங்கோ" என்றாள் அருந்ததி. "ஆனால் கப் பன்னிரண்டையும் அம்மாவிட்டை எண்ணிக் குடுத்திட்டுப் போங்கோ. நான் தனியக் கழுவமாட்டன்."

அவன் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மாடும் கன்றும் உள்ளே போய் வந்தன. பால் பொங்கியது. ஊர்ச்சனம் பந்தலுக்குள் நிறைந்திருந்தது. கிளிநொச்சி ஸ்ரேசனிலிருந்து வந்த வாடகைக் காரில் யோகநாதன் இறங்கினான். மெலிந்து, அந்த வெயிலில் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டிருந்தான். அப்புத்துரை ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தார். பந்தலில் அழாத ஆள் இல்லை. கனகலிங்கம் எல்லாரையும் விடக் கூட அழுதான். அவனுக்குக் காரணமும் கூட.

"போடு ராசா கசெற்றை!"

"ஜெனரேற்றர் சூடேறிட்டுது மாமா. பின்னேரம் போடுவம்."

"சூடேறினால் தண்ணி ஊத்தடா. தள்ளு!"

அவரே பொத்தானை அமத்தினார்.

செத்த பற்றரியில் பதிந்ததை நல்ல கரண்டில் போட்டால் என்ன நடக்கும் என்று தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அருந்ததி ஆற அமரத் தட்டிய கப்பெல்லாம் தலைதெறிக்க ஓடின. டிங்கிடி டிங்கிடி டிங்கிடி என்று நாலு லவுட்ஸ்பீக்கர்க் கூம்பிலிருந்தும் பாய்ந்தது. சுளகு ரெயில் மாதிரி இரைந்தது. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு குளப்பக்கம் போனது. சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

"இப்பத்தாங்க சரியா இருக்கு" என்றார் மாயாண்டி, கனகலிங்கத்தின் காதுக்குள். "மெதுவா இருந்தப்ப எனக்கே சந்தேகமா இருந்திச்சு."

கனகலிங்கம் யோகநாதனைப் பார்த்தான். யோகநாதனின் முகம் சுண்ணாம்பாக வெளிறியிருந்தது. இந்தா சொல்லப்போகிறான், இந்தா எழும்பப்போகிறான் என்று கனகலிங்கம் ஒவ்வொரு நிமிசமாகச் செத்தான்.

அதோடு நிற்கவில்லை. பதிந்து முடித்த இடத்துக்குப் பிறகு, மாமி முதலில் பேசியதில் ஒரு துண்டு அழியாமல் கிடந்திருக்கிறது. வாத்தியம் ஓய்ந்ததும் நாலு கூம்பாலும் மாமியின் குரல் ஊரை நிறைத்தது.

"...சனிக்கிழமையிலை எண்ணெய் வைச்சு முழுகு ராசா. அங்கத்தைச் சாப்பாட்டுக்கு மலச்சிக்கல் வரும். வாழைப்பழம் கிடைக்குமோ?"

மாமி குசினி அடுப்படிக்குள் ஓடினார். அப்புத்துரை மெல்லத் திரும்பினார்.

"இது என்ன?"

கனகலிங்கம் எழும்பினான். போதும், இனிச் சொல்லிவிடவேண்டியதுதான். "மாமா, நான்..." என்று வாயைத் திறந்தான்.

"அது அம்மான்ர குரல், அப்பா!" யோகநாதன் குறுக்கே பாய்ந்து சத்தமாகச் சொன்னான். "நான் போகேக்குள்ளை பதிஞ்சு கொண்டுபோனனான். ஜாஸிலை கடைசியிலை இப்பிடித் தாய்மாரின்ர குரல் போடுறது. அங்கத்தை வழக்கம். வெள்ளையள் இந்த இடத்திலைதான் அழுவாங்கள்."

"தாயை மறக்கேல்லைப் பார்" என்று யாரோ ஒரு மனுசி மூக்கைச் சிந்தினாள். பந்தல் முழுக்கக் கை தட்டியது.

கனகலிங்கம் அப்படியே கதிரையில் விழுந்தான். தன் வாசிப்பை அழித்து, கப்பைத் தட்டி ஏமாற்றிய ஒருவனைச் சபைக்கு முன்னால் காப்பாற்ற எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அருந்ததியின் அண்ணன் அல்லவா. அவன் காலில் விழவேண்டும் போல இருந்தது.

அப்புத்துரை மைக்கைப் பிடித்தார். முதலில் ஆவணி எழுத்தைச் சொன்னார். "கசெற்றைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்த பிள்ளை" என்று கனகலிங்கத்தைக் கைகாட்டினார். அருந்ததி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புத்துரைக்குச் சந்தோசம் அத்தோடு அடங்கவில்லை.

"இன்னொரு விசயம்! முல்லைத்தீவிலை ஒரு பள்ளிக்கூடத்திலை பழைய பியானோ ஒண்டு சும்மா கிடக்காம். பிறின்சிப்பலோடை கதைச்சிட்டன். வாற ஞாயிற்றுக்கிழமை என்ர மகன் உங்கள் எல்லாருக்கும் முன்னாலை வாசிப்பான். பஸ் பிடிச்சு நானே கூட்டிக்கொண்டு போறன்!"

கைதட்டல் ஓய முன்னமே யாரோ கனகலிங்கத்தின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். யோகநாதன்தான். கிணற்றடி வரைக்கும் கொண்டுபோய், வாழைக்குப் பின்னால் நிறுத்தினான். அறை விழப்போகிறது என்று கனகலிங்கம் கன்னத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

அறை விழவில்லை. யோகநாதன் சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தணித்தான்.

"மச்சான், அந்தக் கசெற் நான் கடையிலை வாங்கி அனுப்பினது, எனக்கு லண்டனிலை கோப்பை கழுவிற வேலை, இதை வாசிச்சது ஆரெண்டு கெதியாய்ச் சொல்லு, ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நான் அவையிட்டைப் பழகவேணும்!"